பெரிய நாடும் சிறிய நாடும் கைகோப்பது எப்படி: இந்தியா–பூட்டான் அனுபவத்திலிருந்து சில வழிமுறைகள்

அளவில் மிகவும் வேறுபட்ட இரு நட்பு நாடுகளுக்கு ஒத்துழைப்புத் திட்டம் வகுப்பவர்கள், சிறிய நாட்டிடம் விற்பதற்கு என்ன இருக்கிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். எவ்வளவு உதவித்தொகை தரலாம் என்ற கணக்கு பிறகு வரட்டும். பூட்டானிடம் இருந்தவை இமயமலையிலிருந்து வேகமாக இறங்கும் ஆறுகள், இல்லாதது சாலை. 1958இல் ஜவாஹர்லால் நேரு அங்கே சென்றபோது வாகனம் போகும் பாதை இல்லாததால், திபெத்தின் சும்பி பள்ளத்தாக்கைக் குதிரையில் கடந்துதான் பாரோவை அடைய முடிந்தது. 1961இல் இந்திய எல்லைச் சாலைகள் அமைப்பு அங்கே பணியைத் தொடங்கி, எல்லை நகரான புன்ட்ஷோலிங்கைத் திம்புவுடன் இணைத்தது. ஆகவே முதல் செலவு சாலைக்கும் பாலத்துக்கும் போகட்டும்.

அடுத்தது நிதி ஏற்பாடு. இதற்கு 1974இல் ஒப்பந்தமான சுக்கா நீர்மின் திட்டத்தை ஊன்றிப் பார்க்க வேண்டும். 336 மெகாவாட் திறன் கொண்ட அந்தத் திட்டத்தின் செலவில் 60 விழுக்காட்டை இந்தியா மானியமாகவும், 40 விழுக்காட்டை 5 விழுக்காடு வட்டியில் கடனாகவும் தந்ததோடு, உபரி மின்சாரத்தைத் தானே வாங்கிக்கொள்வதாகவும் உறுதியளித்தது. கட்டுமானம் தொடங்கும் முன்பே வாங்குபவர் யார் என்பது முடிவாகியிருந்ததால், மின் விற்பனை வருமானத்திலிருந்தே கடனை அடைக்க வழி இருந்தது. மழைக்காலத்தில் ஆறு பெருகும்போது பூட்டான் விற்கிறது. குளிர்காலத்தில் நீர் வற்றும்போது இந்தியாவிடமிருந்து வாங்குகிறது. இருவருக்கும் தேவை இருக்கும் இத்தகைய ஏற்பாடு எந்தக் கூட்டறிக்கையையும்விட உறுதியானது.

மானியத்துக்கும் கடனுக்கும் இடையிலான இந்த விகிதத்தைக் காப்பாற்றுவது அவசியம். 2019இல் தொடங்கிவைக்கப்பட்ட 720 மெகாவாட் மாங்தெச்சு நீர்மின் திட்டத்தில் மானியம் 30, கடன் 70 விழுக்காடு என்று தலைகீழானது. புனத்சாங்சு முதல் நீர்மின் திட்டத்திலோ, 2013இல் அணைப் பகுதியின் வலது கரையில் மலைச்சரிவு பெயர்ந்து, வேலை ஆண்டுக்கணக்கில் தாமதமானது. தாமதம் நேர்ந்தால் கடன் சுமை யார் தலையில் விழும் என்பதைத் தொடக்கத்திலேயே பேசி முடிக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் பெரிய நாடு தாராளமாக நடந்துகொள்வது நியாயம் என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

கட்டுமானக் காலத்துக்கான நாணயத் தேவையையும் முன்கூட்டியே மதிப்பிடுங்கள். பூட்டானின் நாணயமான நுல்ட்ரம் இந்திய ரூபாய்க்கு இணையான மதிப்புடையது. சிமென்ட், இரும்பு, இயந்திரங்கள், எரிபொருள், வாகனங்கள் எல்லாம் இந்தியாவிலிருந்தே வந்ததால், 2012இல் அங்கே ரூபாய்க்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டு, வாகன இறக்குமதியைக்கூட நிறுத்திவைக்க நேர்ந்தது. அந்த ஆண்டின் இறுதியில் இந்திய ரிசர்வ் வங்கி சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பின் நாடுகளுக்காகக் கொண்டுவந்த நாணயப் பரிமாற்ற வசதியைப் (தட்டுப்பாட்டின்போது நாணயத்தைக் குறுகிய காலத்துக்குப் பெறும் வழி) போன்ற ஓர் ஏற்பாடு, திட்டத்தின் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

பழைய உடன்படிக்கைகளை உரிய காலத்தில் திருத்தத் தயங்கக் கூடாது. வெளியுறவில் இந்தியாவின் ஆலோசனைப்படி பூட்டான் நடக்கும் என்ற 1949ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வாசகம் 2007இல் நீக்கப்பட்டு, தேசிய நலன் சார்ந்த விஷயங்களில் இரு நாடுகளும் நெருங்கி ஒத்துழைக்கும் என்று மாற்றப்பட்டது. அந்த மாற்றத்தால் நட்பு எந்த வகையிலும் குறையவில்லை.

சமையலறை வரை எட்டும் முடிவுகளில் கூடுதல் கவனம் வேண்டும். 2013 ஜூலையில், பூட்டான் தேர்தலின் இறுதிச் சுற்றுக்குச் சற்று முன்பு, சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இந்தியா தந்துவந்த மானியம் நின்றதால் மக்களிடையே மனக்கசப்பு உண்டானது. மானியம் பின்னர் மீண்டும் தரப்பட்டது. எனவே விலை, மானியம், வரி ஆகியவற்றில் மாற்றம் செய்வதற்கு எத்தனை மாதங்களுக்கு முன் அறிவிக்க வேண்டும் என்பதையும், தேர்தல் காலத்தில் எந்த மாற்றமும் கூடாது என்பதையும் கையெழுத்தாகும் ஆவணத்திலேயே தனி விதியாகச் சேர்த்துவிடுங்கள்.