பிரிட்டன் தொடர்கொலை நாவலுக்குத் துப்பறியும் அதிகாரியை உருவாக்குவது எப்படி

பிரிட்டனைக் களமாகக் கொண்டு தொடர்கொலை நாவல் எழுத முனைபவர், கொலைகாரனைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே, அவனைத் தேடும் அதிகாரி எந்த ஆண்டில், எந்த ஊரில், எந்தப் பதவியில் இருக்கிறார் என்பதை முடிவுசெய்துவிட வேண்டும். கொலைக்கான தூக்குத்தண்டனை 1965-இல் நிறுத்தப்பட்டது. மரபணுச் சோதனை 1980-களின் பிற்பகுதியில்தான் விசாரணைக்குள் வந்தது. களம் ஸ்காட்லாந்து என்றால் சட்டமே வேறு. இங்கே சொல்பவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை.

பெரிய கொலை விசாரணைக்குத் தலைமை ஏற்பவர் பெரும்பாலும் டிடெக்டிவ் சீஃப் இன்ஸ்பெக்டராகவோ அதற்கு மேற்பட்ட பதவியில் இருப்பவராகவோ இருப்பார். வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டுவது அவருடைய வேலை அன்று. நாயகர் தெருவில் நடமாட வேண்டுமென்றால் அவரைச் சார்ஜென்டாகவோ இன்ஸ்பெக்டராகவோ வைத்துக்கொண்டு, மேலே ஓர் அதிகாரியை அமர்த்துங்கள். கையில் துப்பாக்கி கொடுக்காதீர்கள்.

விசாரணை எங்கே தடுமாறுகிறது என்பதே இத்தகைய நாவலின் உயிர்நாடி. அதற்குப் பீட்டர் சட்க்ளிஃப் வழக்கை ஊன்றிப் படிப்பதை விடச் சிறந்த பயிற்சி இல்லை. 1975 முதல் 1980 வரை யார்க்‌ஷயரிலும் மான்செஸ்டரிலுமாக 13 பெண்களைக் கொன்ற அவரைக் காவல்துறை ஒன்பது முறை சந்தித்துப் பேசியிருந்தது. ஆனால் அந்தக் குறிப்புகள் மலைபோல் குவிந்த அட்டைகளுக்குள் ஒன்றோடொன்று சேராமலே கிடந்தன. 1979-இல் தானே கொலைகாரன் என்று சொல்லி யாரோ ஒருவர் அனுப்பிய போலி ஒலிநாடாவை நம்பிய அதிகாரிகள், அதில் ஒலித்த சண்டர்லாந்து வட்டாரப் பேச்சு இல்லாதவர்களைச் சந்தேகப் பட்டியலிலிருந்து ஒதுக்கினார்கள். சட்க்ளிஃபோ வேறு வட்டாரப் பேச்சுள்ள பிராட்ஃபோர்டுக்காரர். கடைசியில் 1981 ஜனவரியில், ஷெஃபீல்டில், போலி எண்பலகை பொருத்திய காரைச் சோதித்த சீருடைக் காவலர்களிடமே அவர் சிக்கினார். இதன் பின்விளைவாகவே, பெரிய விசாரணைகளின் குறிப்புகளை ஒன்றோடொன்று இணைத்துத் தேட உதவும் ஹோம்ஸ் என்ற கணினி அமைப்பு வந்தது. ஆகவே அதற்குப் பிந்தைய கதையில் அட்டைக் குழப்பத்தை அப்படியே பயன்படுத்த முடியாது.

இதிலிருந்து எடுக்க வேண்டிய உத்தி இதுதான்: கொலைகாரனின் பெயரை முதல் சில அத்தியாயங்களிலேயே ஏதோவொரு சாதாரண வாக்குமூலத்தில் எழுதிவிட்டு, உங்கள் அதிகாரி முழுமனதோடு நம்பும் ஒரு தவறான தடயத்தால் அதை மூடுங்கள். அந்தத் தடயத்தை அவர் நம்புவதற்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும். முட்டாள்தனத்தால் நம்பினார் என்றால் வாசகர் அவரைக் கைவிட்டுவிடுவார்.

கைதுக்குப் பிறகு, 1984-ஆம் ஆண்டின் காவல் மற்றும் குற்றச் சான்றுச் சட்டம் கதையின் கடிகாரமாகிறது. குற்றம் சாட்டாமல் 24 மணி நேரம் வைத்திருக்கலாம். சூப்பரின்டெண்டென்ட் அனுமதித்தால் 36. நீதிமன்றம் அனுமதித்தால் மொத்தம் 96. விசாரணை முழுவதும் பதிவாகும். கைதானவர் கேட்டால் வழக்கறிஞர் அருகில் இருப்பார். ஆகையால் நம் பாக்கெட் நாவல்களில் பார்த்துப் பழகிய அடியும் மிரட்டலும் இங்கே செல்லாது. அமெரிக்கப் படங்களில் கேட்ட எச்சரிக்கை வாசகத்தையும் எடுத்தாள வேண்டாம்: 1995 முதல் வழக்கிலுள்ள ஆங்கிலேய எச்சரிக்கை, பேசாமல் இருக்கலாம் என்று சொன்ன கையோடு, பின்னர் நீதிமன்றத்தில் சார்ந்திருக்கப்போகும் ஒன்றை இப்போது மறைத்தால் அது தற்காப்பைப் பாதிக்கலாம் என்றும் சொல்கிறது. மௌனம் காக்கும் சந்தேக நபருக்கும் பொறுமையான அதிகாரிக்கும் இடையிலான காட்சிக்கு இந்த இரண்டாம் பாதியே போதும். சான்று போதாமல் 96-ஆவது மணியில் அவரை வெளியே விட நேர்ந்தால், அடுத்த கொலைக்கான அச்சத்தைத் தனியாக விவரிக்க வேண்டியதில்லை.