"எந்தக் கிணறு?" – நொய்யல் கரையில் கூட்டு ஆய்வு தொடங்க

வேதியியல், மண்ணியல், பொருளியல் மூன்றையும் சேர்த்து ஆய்வு செய்யப் போகிறோம் என்று வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "எந்தக் கிணறு?" தலைப்பில் உலக நீர் நெருக்கடி என்று போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. வேலைக்கு நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நாலு ஊர் போதும். பாசனத்துக்குக் கட்டிய அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் தண்ணீர், கூலி, கடன் மூன்றும் ஒன்றாகப் பின்னிக்கொண்டன. இதை ஒரு துறை மட்டும் பார்த்து என்ன ஆகும்?

கூட்டு ஆய்வு கெடுவது கருத்துச் சண்டையால் அல்ல, கணக்கு ஒட்டாததால். ஒருவர் கிணற்றில் தண்ணீர் எடுப்பார், இன்னொருவர் வீடு வீடாகக் கேள்வி கேட்பார், மூன்றாமவர் வேறெங்கோ மண் அள்ளுவார். கடைசியில் ஒன்றோடொன்று சேராத மூன்று எக்செல் கோப்புகள். அதனால் முதல் நாளே கிணற்றுக்கு ஓர் எண் கொடுங்கள். கூடவே கிராமம், சர்வே எண், உட்பிரிவு, ஜிபிஎஸ். தண்ணீர் பாட்டில், மண் பை, கேள்வித்தாள் எல்லாவற்றிலும் அதே எண்தான்.

உப்பை வேதியியல்காரர் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு) என்பார், மண்ணியல்காரர் ஈசி (மின்கடத்துதிறன்) என்பார். ஈசி மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸ் என்றால் டிடிஎஸ் லிட்டருக்குச் சுமார் 640 மில்லிகிராம். இது தோராயம்தான், எந்த உப்பு என்பதைப் பொறுத்து மாறும். இரண்டையும் அளந்துவிடுங்கள்.

போர் தண்ணீர் என்றால் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடியுங்கள். உலோகங்கள் பார்க்க வேண்டுமென்றால் தனிப் பாட்டில், அதில் நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கீழே இறக்க வேண்டும்.

கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். பிறகு பேசினால் மனஸ்தாபம்தான்.

தோட்டத்துக்காரர் கேட்பார்: "ஏனுங்க, போன வருசமும் ஒருத்தரு வந்து தண்ணி மொண்டுட்டுப் போனாருங்க. அப்பறம் ஆளையே காணமுங்க." நியாயமான கேள்வி. முடிவு அவர் கைக்குப் போன பிறகே ஆய்விதழுக்கு அனுப்புங்கள். குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லை என்றால் 2000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அவர் கிணற்றுக் கணக்கை அதற்குப் பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப் போதாது, நேரில் போங்கள். மோர் கிடைக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் தன் கிணற்றைப் பார்க்கச் சொல்வார்.