ரெஃபியூஜியத்தில் தண்ணீரை நூலாக விடாதீர்கள்

போன மாதம் யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஒரு தம்பி புதிதாகக் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறான் என்று பார்க்கப் போனேன். தொட்டி நல்ல வடிவு. கீழே அலுமாரியைத் திறந்தால், ரெஃபியூஜியம் என்கிற பாசி வளர்க்கும் அறைக்குள் தண்ணீர் நூல் பிடித்தமாதிரி இறங்குகிறது. "மெதுவாப் போனாத்தான் அண்ணை பாசி சத்தை இழுக்கும்" என்றான். பத்து வருடத்துக்கு முன் நான் சொல்லித்திரிந்த அதே கதை.

உப்பளவு பார்ப்பது, தீனை அள்ளிக் கொட்டாமல் இருப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டு, ரெஃபியூஜியத்தில் நாங்கள் விடும் பிழைகளைப் பார்ப்போம்.

ரெஃபியூஜியம் என்றால் புகலிடம். மீனின் வாய் எட்டாத அந்த அறையில் கேட்டோ போன்ற பாசி வளர்ந்து, கழிவிலிருந்து வரும் நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் இழுத்துக்கொள்ளும். அதன் இழைகளுக்குள் கோபிபொட் என்ற பொடிப்பூச்சிகள் பெருகி, கொஞ்சங் கொஞ்சமாக மேலே ஏறி மீனுக்கு இரையாகும்.

ஓட்டத்தைக் குறைப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். என் தொட்டி 300 லீற்றர், ரெஃபியூஜியம் 40. வால்வைத் திருகித் திருகி, 10 லீற்றர் வாளி நிரம்ப 20 நிமிடம் எடுக்கும் அளவுக்குக் குறைத்து வைத்தேன். மணித்தியாலத்துக்கு 30 லீற்றர். அந்தச் சின்ன அறையின் தண்ணீர்கூட ஒருதடவை முழுதாக மாறாது.

இரண்டு மாதம் கழித்துக் கேட்டோவைத் தூக்கினேன். மேலே பச்சை, அடியில் வெளிறி, கை பட்டதும் கூழாய்க் கரைந்தது. கீழே ஒரு விரற்கடைக்குக் கறுத்த சேறு. கிளறியதும் கூழ்முட்டை நாற்றம். அம்மா குசினியிலிருந்து "என்னடா செத்துப்போச்சு?" என்று கேட்டார். அப்போது ஒன்றும் சாகவில்லை. பம்பை நிறுத்தாமல் கிளறியதில் சேறெல்லாம் தொட்டிக்கு ஏறி, விடியும்போது மூன்று மீன் மிதந்தன.

பிழை எங்கே? ரெஃபியூஜியத்தால் போகும் தண்ணீர் திரும்பத் திரும்ப அங்கேதான் வரப்போகிறது. ஒரு சுற்றில் கொஞ்சம் தப்பினால் அடுத்த சுற்றில் பிடிபடும். பாசியின் இழையைச் சுற்றி அசையாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று ஒட்டியிருக்கும். ஓட்டம் குறையக் குறைய அது தடிக்கும், சத்தும் காபனீரொட்சைட்டும் உள்ளே போவது தாமதமாகும். அதோடு, மிதந்து போகவேண்டிய கழிவெல்லாம் அங்கேயே படிந்து அழுகும்.

இப்போது அதே வாளி 2 நிமிடத்தில் நிரம்புகிறது. மணித்தியாலத்துக்கு 300 லீற்றர், அறைத் தண்ணீர் ஏழெட்டுத் தடவை மாறும். கேட்டோ உருண்டை மெல்லப் புரளவேண்டும், எல்லாப் பக்கமும் வெளிச்சம் படவேண்டும். அதற்குமேல் போனால் இழை அறுந்து பம்புக்குள் சிக்கும். வெளிவாயிலில் வலைத்துண்டு கட்டுங்கள்.

தம்பியின் வால்வைத் திறக்குமுன் அடிச்சேற்றைக் குழாய் போட்டு இழுத்து வெளியே விட்டோம். இப்போது "சத்தம் போடுது அண்ணை" என்று போன் எடுக்கிறான். சரி, சத்தத்துக்கான வழியைப் பிறகு பார்ப்போம்.

கடலில் பாசி அள்ளுவது

சாட்டிக் கடற்கரையில் அள்ளிய பாசியோடு எனக்கொரு நண்டுக்குஞ்சும் வந்தது. அது வளர வளர என்னென்ன தின்றது என்று கேட்காதீர்கள். பச்சை முந்திரிகைக் குலைமாதிரி இருக்கும் கோலர்ப்பாவைக் கண்டால் எல்லாருக்கும் ஆசை வரும். ஆனால் அது இனப்பெருக்கத்துக்குப் போனால் ஒரே இரவில் வெளிறி, இழுத்ததையெல்லாம் திரும்பக் கக்கும். தண்ணீர் பால்போல ஆகிவிடும்.

லைட்

தொட்டி லைட் அணையும்போது ரெஃபியூஜியத்து லைட்டைப் போடுங்கள். இரவில் பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) விழுவது குறையும்.

கிணற்றுத் தண்ணீர்

வேண்டாம். தோட்டத்துப் பசளை சுண்ணக்கல்லுக்குள்ளால் இறங்கி, எங்கள் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று ஏற்கனவே கூட. ஆவியாகிக் குறைவதை ஆர்.ஓ. வடிகட்டியில் சுத்தமாக்கிய தண்ணீரால் நிரப்புங்கள்.

கரண்ட் போனால்

2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தோம், மறந்திருக்க மாட்டீர்கள். பம்ப் நின்றதும் மேலிருந்து இறங்கும் தண்ணீருக்குச் சம்பில், அதாவது அலுமாரிக்குள் இருக்கும் கீழ்த்தொட்டியில், இடம் வேண்டும். ஒருதடவை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்துக் கோடு போட்டுவையுங்கள்.

பாசியை எடுக்காமல் விடுவது

எடுத்தால்தான் சத்து வெளியே போகும். நான் அடர்ந்ததும் மூன்றில் ஒரு பங்கைப் பிய்த்துவிடுவேன். தீவுப்பகுதியில் சாதாளை என்ற கடற்தாவரத்தைத் தோட்டத்துக்குப் பசளையாகத் தாழ்ப்பார்கள். என் கேட்டோ, நல்ல தண்ணீரில் இரண்டுதரம் அலசியபின், வேலியோர முருங்கைக்குப் போகிறது.