தேனீக்கு நிறம் பழக்குவது: நீலத்தில் இனிப்பு, மஞ்சளில் வெறும் தண்ணீர்

இனிப்பை எது காட்டிக்கொடுக்கிறதோ அதைத்தான் தேனீ பிடித்துக்கொள்ளும். அது நிறமாக இருக்கலாம், வலது பக்கமாக இருக்கலாம், முன்பு வந்த தேனீயின் வாசனையாகவும் இருக்கலாம். நிறத்தைத் தவிர மற்ற வழிகளை அடைப்பதுதான் இதில் பாதி வேலை.

50 கிராம் சர்க்கரையை 50 மில்லி தண்ணீரில் கரைத்து, ஒரு தட்டில் ஊற்றிக் கூட்டின் வாசலருகே வையுங்கள். குடித்துக்கொண்டிருக்கும் தேனீக்களோடு தட்டை மெல்லத் தூக்கி, 20 மீட்டராவது தள்ளியிருக்கும் மேசைக்குக் கொண்டுபோங்கள். கிளம்பியவற்றில் சில அங்கேயே திரும்பி வரும். அவற்றில் ஒன்று குடிக்கும்போது முதுகில் பெயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள், இறக்கையில் படக்கூடாது. மற்றவற்றை ஒரு ஜாடியில் பிடித்து வைத்து, முடிந்ததும் விட்டுவிடுங்கள். கொட்டினால் ஒவ்வாமை வருபவர்கள் இதைச் செய்யவே வேண்டாம்.

இப்போது ஒரே அளவில் நீல அட்டை, மஞ்சள் அட்டை. இரண்டின் மேலும் கண்ணாடித் துண்டு. நீலத்தில் சர்க்கரைத் தண்ணீர், மஞ்சளில் வெறும் தண்ணீர். தேனீ போனதும் கண்ணாடிகளை ஆல்கஹால் தொட்டுத் துடைத்து உலரவிடுங்கள். அடுத்த வருகைகளுக்கு அட்டைகளை வலம் இடமாக மாற்றி வைக்கும்போது ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றாதீர்கள், அதுவும் ஒரு ஒழுங்குதான். முன்கூட்டியே எழுதிய தாறுமாறான வரிசைப்படி மாற்றுங்கள். நீலம் ஒரே பக்கம் தொடர்ந்து மூன்று முறை வரவேண்டாம்.

முதல் சில வருகைகளில் மஞ்சளிலும் இறங்கும். நாக்கை நீட்டி, தண்ணீரைத் தொட்டதும் சுருக்கிக்கொண்டு எழும்பும். விரட்டாதீர்கள். அந்த ஏமாற்றமும் பாடம்தான். நீலத்தை மட்டும் காட்டிப் பழக்கிய தேனீ அதை ஒத்த நிறங்களிலும் போய் இறங்கும்.

பத்துப் பன்னிரண்டு வருகைக்குப் பின் சோதனை. புது அட்டை, புதுக் கண்ணாடி, இரண்டிலும் தண்ணீர். முதல் இரண்டு நிமிடம் எதில் எத்தனை முறை இறங்குகிறது என்று எண்ணுங்கள். நீட்டிக்கொண்டே போனால் கற்றதைக் கைவிடத் தொடங்கும். பக்கம் மாற்றி இன்னொரு முறை எண்ணுங்கள், ஆனால் நடுவே இனிப்போடு ஓரிரு வருகை கொடுங்கள். சில தேனீக்களுக்கு மஞ்சளில் இனிப்பு வைத்துப் பழக்குவதும் அவசியம். இல்லாவிட்டால் நீலத்தின் மேல் இயல்பாக உள்ள ஈர்ப்பைக் கற்றல் என்று எண்ணிவிடுவோம்.

நெருங்கிய இரண்டு நீலங்கள் என்றால் தண்ணீர் போதாது. தவறினால் நட்டமில்லை என்பதால் இரண்டையும் தொட்டுப் பார்க்கும். தண்ணீருக்குப் பதில் கசப்பான கொயினா (quinine) கரைசல் வையுங்கள். கசப்பு பட்டபின் இறங்குமுன் மிதந்து நின்று பார்க்கும்.

சிவப்பு வேண்டாம், தேனீக்கு அது கருமைதான். பார்ப்பது நிறத்தையா வெளிச்ச அளவையா என்ற சந்தேகத்தைத் தீர்க்க, 1914-இல் தேனீ ஆய்வாளர் கார்ல் வான் ஃபிரிஷ் காட்டிய வழியே போதும்: நீல அட்டையைப் பலவகைச் சாம்பல் அட்டைகளுக்கு நடுவே வைத்துப் பாருங்கள்.