செட்டிநாட்டு வீட்டுல ஓடிக்கிட்டிருக்கிற பழைய நாஸை மாத்துறது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் நிறைய பெரிய வீடுகள்ல ஒரு மூலையில ஒரு நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்ல மாட்டி எல்லாரும் ஃபைல் போட்டு வைக்கிற டிஸ்க் பெட்டி) முனகிக்கிட்டு கிடக்கும், சிங்கப்பூர்லயோ மலேசியாவுலயோ இருக்கிற பிள்ளை எப்பவோ ஒரு லீவுல வந்தப்ப வாங்கி வச்சிட்டுப் போனதா இருக்கும். உள்ள பாத்தா பர்மா காலத்து போட்டோ ஸ்கேன், இசைகுடிமானம்ங்கிற கல்யாண ஒப்பந்த ஏடு, மொய்ப்பண ஏடு, சாந்தி கல்யாண வீடியோ, படைப்புக்கு எல்லாரும் கூடுனப்ப எடுத்ததுன்னு குடும்பமே அதுக்குள்ளதான் இருக்கு. "நல்லாத்தானே ஓடுது, எதுக்குத் தம்பி மாத்தணும்"னு ஆச்சிமார் கேப்பாக. நல்லா ஓடுறப்ப மாத்துனாதான் ஆச்சி சுளுவு, நின்னு போச்சுன்னா டேட்டா ரெகவரிக்காரன் கேக்குற காசுல புதுசு நாலு வாங்கலாம்.

மாத்தணுமான்னு முடிவு பண்ண ரெண்டு விஷயம் பாத்தா போதும். ஒண்ணு, அந்த மாடலுக்கு கம்பெனி இன்னும் அப்டேட் குடுக்குதான்னு பாருங்க. இது சும்மா சொல்றதில்லைங்க, வெஸ்டர்ன் டிஜிட்டலோட மை புக் லைவ்னு ஒரு மாடல், 2015லயே அப்டேட்டை நிறுத்திட்டாங்க, 2021 ஜூன்ல இன்டர்நெட்ல தெரியுற மாதிரி இருந்த நிறைய பெட்டிகளை யாரோ தூரத்துல இருந்தே ரீசெட் பண்ணி உள்ள இருந்ததை மொத்தமா அழிச்சுட்டாங்க. 2022ல கியூநாப் கம்பெனியோட நாஸ் பெட்டிகளை டெட்போல்ட்னு ஒரு ரான்சம்வேர் பூட்டிப்போட்டு காசு கேட்டுச்சு. ரெண்டாவது, டிஸ்க்கோட ஸ்மார்ட் ரிப்போர்ட், அதாவது டிஸ்க் தன் உடம்பு எப்படி இருக்குன்னு தானே எழுதி வைக்கிற கணக்கு, நாஸோட செட்டிங்ஸ்ல பாக்கலாம். பவர் ஆன் ஹவர்ஸ்னு ஒண்ணு இருக்கும், வருசத்துக்கு 8,760 மணி நேரம், அது 40,000 தாண்டியிருந்தா டிஸ்க்குக்கு வயசாயிருச்சுன்னு அர்த்தம். ரீஅலொகேட்டட் செக்டார் (கெட்டுப்போய் மாத்தி வச்ச இடம்), கரண்ட் பெண்டிங் செக்டார் (படிக்க முடியாம சந்தேகத்துல இருக்கிற இடம்) இந்த ரெண்டும் பூஜ்யமா இருக்கணும், பெண்டிங் ஏறிக்கிட்டே போகுதுன்னா மேல படிக்கிறதை அப்பறம் வச்சுக்கிட்டு முதல்ல ஒரு யூஎஸ்பி டிஸ்க்கை எடுத்துட்டு வந்து முக்கியமானதை காப்பி போடுங்க.

அந்த நேரத்துல பழைய பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதீங்க. வருசக்கணக்கா சுத்திக்கிட்டே இருந்த டிஸ்க் ஒரு தடவை நின்னுச்சுன்னா மறுபடி சுத்தாமப் போறது உண்டு. அதே மாதிரி ஒரே விஷயத்தை வச்சிருக்கிற ரெண்டு டிஸ்க்ல ஒண்ணு போயிருச்சுன்னா புதுசை மாட்டி ரீபில்ட் (மிச்ச டிஸ்க்லேர்ந்து புதுசுக்கு மறுபடி நிரப்புறது) போட்டுறலாம்னு உடனே கை வைக்காதீங்க, ரீபில்ட் ஆகுறப்ப மிச்சமிருக்கிற கிழட்டு டிஸ்க்கை மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் படிக்கும், அந்த பாரத்துல அதுவும் படுத்துக்கிட்டா கதை முடிஞ்சுது, அதனால காப்பி முதல்ல ரீபில்ட் அப்பறம்.

புதுசு வாங்குறதைப் பத்தி ரொம்ப யோசிக்க வேண்டாம், வீட்டுக்கு ரெண்டு பே, அதாவது ரெண்டு டிஸ்க் மாட்டுற பெட்டி போதும். சினாலஜி, கியூநாப் எதுவானாலும் சரி, பழைய பிசி கிடந்தா அதை நாஸ் ஆக்குற ஓப்பன்மீடியாவால்ட்ங்கிற இலவச சாஃப்ட்வேரை அதுல போட்டுக்கிட்டாலும் சரி, ஆனா டிஸ்க்ல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சிஎம்ஆர் டிஸ்க்கான்னு கேட்டு வாங்குங்க, எஸ்எம்ஆர்னா தடங்களை ஒண்ணு மேல ஒண்ணா நெருக்கி எழுதுற வகை, நிறைய எழுதுறப்பவும் ரீபில்ட்லயும் ரொம்ப மெதுவாயிரும். 2020ல டபிள்யூடி ரெட்ல 2 டிபிலேர்ந்து 6 டிபி வரைக்கும் சொல்லாம கொள்ளாம எஸ்எம்ஆர் போட்டு வித்தது வெளிய வந்து பெரிய பிரச்சனை ஆச்சு, அதுக்கப்பறம்தான் ரெட் பிளஸ்னு சிஎம்ஆரை தனியா பிரிச்சாங்க, சீகேட்ல ஐயன்வுல்ஃப். சீரியல் நம்பரை கம்பெனி சைட்ல போட்டு இந்தியா வாரண்டி இருக்கான்னு பாத்துட்டு பில்லை வாங்குங்க. முடிஞ்சா ரெண்டு டிஸ்க்கையும் ரெண்டு கடையில வாங்குங்க, ஒரே பேட்ச்னா ஒரே சமயத்துல சாக வாய்ப்பு கொஞ்சம் கூட.

ஒரே கம்பெனி பெட்டின்னா பழைய டிஸ்க்கை அப்பிடியே கழட்டி புதுசுல மாட்டிக்கலாம்னு சொல்லுவாக, நிறைய மாடல்ல முடியும்தான், ஆனா நாம மாத்துறதே டிஸ்க் கிழடாயிருச்சுன்னுதானே, கிழவனை புது வீட்டுல குடி வச்சா வயசு குறையுமா. புது டிஸ்க் போட்டு, எக்ஸ்டெண்டட் ஸ்மார்ட் டெஸ்ட் ஒண்ணை ராத்திரி பூரா ஓடவிட்டு, அது பாஸ் ஆனதுக்கு அப்பறம் நெட்வொர்க் வழியா காப்பி பண்றதுதான் சரி.

காப்பி பண்ற இடத்துலதான் நம்ம வீடுகளோட வேலை இருக்கு. சுண்ணாம்புச் சுவரு அரை ஆள் கனம் இருக்கும், வைஃபை முகப்புலேர்ந்து ரெண்டாங்கட்டுக்குப் போறதுக்குள்ள செத்துரும், அதனால வைஃபைல காப்பி போடலாங்கிற நினைப்பே வேண்டாம். ரெண்டு பெட்டியையும் பக்கத்துல வச்சு ஒரே கிகாபிட் சுவிட்ச்ல வயரால சொருகுங்க. வயரோட முனையை கொஞ்சம் உத்துப் பாருங்க, கிளிப்புக்குள்ள எட்டு கம்பியும் இருக்கணும், நம்ம ஊர்ல கேமரா மாட்டுறவங்க நாலு கம்பிய மட்டும் சேத்து கிரிம்ப் பண்ணி விட்டுருப்பாங்க, வேலை செய்யும் ஆனா 100 எம்பிபிஎஸ்தான். கணக்கு போட்டுப் பாருங்க, 2 டிபியை அதுல அனுப்ப 50 மணி நேரம் ஆகும், எட்டு கம்பி இருந்து ரெண்டு பெட்டியும் முழு கிகாபிட் வேகம் குடுத்தா அஞ்சு மணி நேரம். பழைய பெட்டியோட ப்ராசஸர் சோப்ளாங்கியா இருந்தா நடுவுல எங்கயாவது நிக்கும்.

பழைய பெட்டியை புது விண்டோஸ் கம்ப்யூட்டர் கண்டுக்கவே இல்லைன்னா அனேகமா அது எஸ்எம்பி 1ங்கிற பழைய ஃபைல் ஷேரிங் முறையில மட்டும் பேசுற பெட்டி. அந்த ஓட்டை வழியா வானாக்ரைங்கிற ரான்சம்வேர் பரவுன 2017க்கு அப்பறம் புதுசா போடுற விண்டோஸ்ல அனேகமா அது ஆன்ல வர்றதில்லை. கம்ப்யூட்டர்ல அதை ஆன் பண்ணாம, புது நாஸே பழசுகிட்டேர்ந்து ஆர்சிங்க்ல (ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு காப்பி பண்ற டூல்) இழுக்குற மாதிரி செட் பண்ணுங்க, பாதியில கரண்ட் போனாலும் விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம். காப்பி ஆரம்பிக்கிறப்ப பழசை ரீட் ஒன்லி ஆக்கிடுங்க, இல்லைன்னா மச்சான் ஒருத்தர் அன்னைக்குன்னு பாத்து 20 ஜிபி வீடியோ ஏத்துவாரு.

தமிழ்ல பேர் வச்ச ஃபோல்டர்ல ஒரு வில்லங்கம் இருக்கு. "பொங்கல் 2014"னு ஒரு ஃபோல்டர், காப்பி முடிஞ்சு பாத்தா அதே பேர்ல ரெண்டு இருக்கும், கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். "பொ"ல இருக்கிற ஒகரக் குறியை யூனிகோட்ல ஒரே குறியாவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமா ரெண்டா பிரிச்சும் எழுதலாம், பழைய மேக்லேர்ந்து ஆர்சிங்க்ல ஏத்தின ஃபைல்னா பிரிச்ச மாதிரி இருக்கும். கன்வ்எம்வினு ஒரு லினக்ஸ் டூல் இருக்கு, அதுல என்எஃப்சி ஆப்ஷனோட நோடெஸ்ட் ஆப்ஷனும் போட்டு ஓட்டுனா பேரெல்லாம் ஒரே முறைக்கு வந்துரும், ஏற்கனவே ரெண்டா இருக்கிற ஃபோல்டரை மட்டும் கையால ஒண்ணா சேக்கணும். புது பெட்டியில இருக்கிற காப்பி மேல மட்டும் ஓட்டுங்க, பழசுல கை வைக்காதீங்க. அதுக்கு முன்னாடியே ஆர்சிங்கை செக்சம் ஆப்ஷனோட (ஃபைல் உள்ள இருக்கிறதை வச்சே ஒப்பிடுறது) இன்னொரு தடவை ஓட்டி ரெண்டு பக்கமும் ஒண்ணான்னு சரி பாத்துருங்க, ஃபைல் எண்ணிக்கை ஒத்துப்போச்சுன்னு விட்டுறாதீங்க.

எல்லாம் சரியா இருந்தா பழசை நிறுத்திட்டு அதோட ஐபியை (நெட்வொர்க் முகவரி) புதுசுக்குக் குடுத்துருங்க, யூசர் பேரும் ஷேர் பேரும் அதேதான் இருக்கணும், டிவியும் ஸ்கேனரும் கேக்காமலே சேந்துக்கும். ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் (வெளி இன்டர்நெட்லேர்ந்து நாஸுக்கு நேரா திறந்து விட்ட வழி) ஏதாவது இருந்தா எடுத்துருங்க, கோலாலம்பூர்லேர்ந்து பாக்கணும்னா டெயில்ஸ்கேல்ங்கிற விபிஎன் போட்டுக்கலாம். அட்மின்ங்கிற யூசரை முடக்கிட்டு வேற பேர்ல ஒண்ணு போடுங்க.

வைக்கிற இடம்: பெட்டகத்துக்குள்ள வச்சுப் பூட்டிராதீங்க, காத்து வேணும், சித்திரை வெயில்ல டிஸ்க் சூடு 45 டிகிரிக்குள்ள இருந்தா நல்லது. ஓட்டு வீட்டுல தூசியும் பல்லியும் ஃபேன் பக்கம் குடியேறும், அப்பப்ப பாருங்க. வயர் இழுக்க ஆத்தங்குடி கல்லையோ சுவத்துப் பூச்சையோ துளை போட்டுறாதீங்க, உத்தரத்து ஓரமா கொண்டு போகலாம், அந்தப் பூச்சை திரும்பப் பூச ஆள் கிடைக்கிறது கஷ்டம். யூபிஎஸ் ஒண்ணு கட்டாயம், அதோட யூஎஸ்பி வயரை நாஸ்ல சொருகுனாதான் பேட்டரி தீரும்போது தானே ஒழுங்கா ஷட்டவுன் ஆகும், நிறைய பேர் அந்த வயரை பிரிக்காம அட்டைப்பெட்டியிலயே விட்டுர்றாங்க. ஐப்பசி இடி மின்னலுக்கு முன்னாடி வீட்டைப் பூட்டிட்டுப் போறீங்கன்னா பவரோட லேன் வயரையும் சேத்துக் கழட்டச் சொல்லுங்க, மின்னல் அந்த வழியாவும் வரும்.

ரெண்டு டிஸ்க்ல ஒரே விஷயம் இருக்குன்னு அதை பேக்கப்னு நினைச்சுக்காதீங்க, ஒருத்தர் தப்பா அழிச்சா ரெண்டுலயும் சேந்தே அழியும். ஒரு யூஎஸ்பி டிஸ்க்ல தனியா ஒரு காப்பி, சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ இருக்கிற உறவுக்காரங்க வீட்டுல இன்னொண்ணு, அடுத்த படைப்புக்கு வர்றப்ப அதை எடுத்துட்டு வரச்சொல்லி புதுசை ஏத்திக் குடுத்து அனுப்புங்க.

பழைய பெட்டியை உடனே தூக்கிப் போடாதீங்க, ஆஃப் பண்ணி ஆறு மாசம் பரண்ல கிடக்கட்டும், யாராவது "அந்த வீடியோ எங்கப்பா"ன்னு கேக்குறப்ப உதவும். அப்பறம் டிஸ்க்கை முழுசா வைப் பண்ணுங்க, அதாவது திரும்ப எடுக்க முடியாத மாதிரி அழிச்சிருங்க, வைப் ஆகலைன்னா ட்ரில்லால நாலு ஓட்டை போட்டுருங்க. சாமானோட சாமானா காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைக்கு அது போறதுக்குள்ள டிஸ்க்கை கழட்டி கையில எடுத்துக்குங்க, காலி பெட்டியை யார் வேணா கொண்டு போகட்டும்.