பறவை உண்டு, விசில் இல்லை: அரிய ஆங்கிலக் குடும்பப் பெயரைப் படிப்பதில் நேரும் தவறுகள்

பர்ட்விசில் என்று ஓர் ஆங்கிலேயரின் குடும்பப் பெயரைக் கேட்டால் என்ன தோன்றும்? குருவியைப் போல விசிலடிப்பதில் கெட்டிக்காரரான முப்பாட்டன் ஒருவர் அந்த வீட்டில் இருந்திருப்பார் என்றுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தமிழில் எழுதும்போது இந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது. ஆங்கிலத்தின் இரண்டு வெவ்வேறு ஒலிகளுக்கு நம்மிடம் இருப்பது ஒரே ‘ட்’. அதனால் பறவையின் பர்டும் இந்தப் பெயரின் பர்டும் நம் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

காதை நம்பிப் பொருள் சொல்வதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே முளைக்கின்றன.

வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயரில், பர்ன்லிக்கு அருகே, ஹாப்டன் என்ற ஊரின் வட்டாரத்தில் பர்ட்விசில் என்று முன்பு ஓர் இடம் இருந்தது. குடும்பப் பெயர் அந்த இடத்தின் பெயர்தான். அதில் இரண்டு பழைய ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. ‘பிரிட்’ என்றால் பறவைக் குஞ்சு. ‘ட்விஸ்லா’ என்றால் இரண்டு ஓடைகள் கவையாக வந்து சேரும் இடம். நம் சொல்லில் கூடல். ஆக, குஞ்சுகள் மிகுந்த கூடல். விசிலுக்கு அங்கே வேலையே இல்லை.

பறவை மட்டும் உண்மையிலேயே உள்ளே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. பொதுவாகப் பறவைக்குப் பழைய ஆங்கிலத்தில் வேறு சொல் இருந்தது. அது தேய்ந்து இன்று கோழி, வாத்து வகைகளைக் குறிக்கும் ‘ஃபவுல்’ ஆகிவிட்டது. குஞ்சைக் குறித்த பிரிட், தசை சதையானதைப் போல எழுத்து இடம்மாறி ‘பர்ட்’ ஆகி, எல்லாப் பறவைகளுக்கும் பெயராகிவிட்டது. விசிலடிக்கும் முப்பாட்டன் கதையைச் சொல்பவர்கள் பாதிச் சரியாகத் தப்பு செய்கிறார்கள். முழுத் தப்பைவிட இதைத் திருத்துவது கடினம்.

ஊகம் சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு: அக்கம்பக்கத்து ஊர்ப் பெயர்களோடு சேர்த்துப் படிப்பது. அதே பகுதியில் ஆஸ்வால்ட்விசில், என்ட்விசில், எக்ஸ்ட்விசில் என்ற பெயர்கள் இருக்கின்றன. முதலாவது ஆஸ்வால்ட் என்பவரின் கூடல். 1764 வாக்கில் ஸ்பின்னிங் ஜென்னி என்ற நூற்புப் பொறியை உருவாக்கிய ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸின் ஊர் அது. இரண்டாவது வாத்துக் கூடல் அல்லது நீர்க்கோழிக் கூடல். மூன்றாவது எருதுக் கூடல். விசில்தான் என்று பிடிவாதம் பிடித்தால், வாத்தும் எருதும்கூட விசிலடித்தன என்று சாதிக்க வேண்டியிருக்கும்.

குடும்பப் பெயர் என்றதும் நமக்கு இனிஷியலும் அப்பாவின் பெயரும் நினைவுக்கு வருவதால் இன்னொரு பிழையும் நேர்கிறது. ஆங்கிலக் குடும்பப் பெயர்களில் ஒரு பகுதிதான் தந்தை பெயரிலிருந்து வந்தது. மற்றவை தொழில், பட்டப்பெயர், ஊர் ஆகியவற்றிலிருந்து வந்தவை. ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டதற்குப் பெரும்பாலும் காரணம், அந்த ஊரை விட்டு வெளியேறியதுதான். எல்லாரும் பர்ட்விசில்காரர்களாக இருக்கும் இடத்தில் ஒருவரை மட்டும் அப்படி அழைத்து என்ன பயன்? பக்கத்து ஊருக்குக் குடிபோனவனைத்தான் அங்கிருப்பவர்கள் ‘பர்ட்விசில்காரன்’ என்றார்கள். ஊர்ப் பெயர் இருப்பதால் முன்னோர் அந்த ஊரின் பிரபு என்று முடிவுகட்டுவது ஆசையன்றி ஆதாரமில்லை. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, முதலில் நிலக்கிழார்களிடம் பரம்பரைப் பெயர் பரவியது உண்மைதான். ஆனால் 1400 வாக்கில் சாதாரணக் குடியானவரில் பெரும்பாலோருக்கும் அது வந்துவிட்டது.

இனி, இந்தப் பெயர் எவ்வளவு அரியது என்ற கேள்வி. இங்கேதான் இணையம் அதிகம் வழுக்குகிறது.

பிரிட்டனில் 20 பேருக்கும் குறைவானவர்களிடமே எஞ்சியிருக்கும் பெயர்கள் என்று ஒரு பட்டியல் பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் நம் பெயரின் ‘விசில்’ வடிவம் இருக்கிறது. அதாவது பறவை, விசில் என்ற இரண்டு இன்றைய ஆங்கிலச் சொற்களையும் அப்படியே சேர்த்து எழுதும் வடிவம். அந்த எழுத்துக்கூட்டல் அரியதாக இருக்கலாம், பெயர் அப்படியல்ல. ‘ட்விஸ்லா’வை ஒட்டிய பழைய வடிவில் எழுதும் குடும்பங்கள் லங்காஷயரில் தாராளமாக இருக்கின்றன. இசையமைப்பாளர் ஹாரிசன் பர்ட்விசில் 1934இல் பிறந்த ஆக்ரிங்டன், பெயர் கிளம்பிய இடத்திலிருந்து சில மைல் தூரம்தான். ‘எச்’ எழுத்தை நடுவில் செருகிக்கொண்ட கிளையொன்று யார்க்ஷயரின் ஸ்கிப்டனில் மாட்டு வியாபாரத்தில் பெரும்பணம் சேர்த்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தில் பஞ்சாலை நடத்தியது. உடல்மொழி ஆய்வுக்கு அடித்தளமிட்ட அமெரிக்க மானிடவியலாளர் ரே பர்ட்விசில் தம் பெயரை விசில் வடிவத்தை ஒட்டி, கடைசியில் இரண்டு ‘எல்’ போட்டு எழுதினார். ஒரு வடிவத்தை மட்டும் எண்ணிவிட்டு ‘அழியும் பெயர்’ என்று தலைப்பிடுவது, ஒரு கிளையைப் பார்த்துவிட்டு மரமே பட்டுப்போனதாகச் சொல்வதுதான்.

அதே பட்டியலில் உள்ள பெர்ரிகிளாத்துக்கும் இதே கதிதான். பழமும் துணியும் என்று படிக்கத் தோன்றும். உண்மையில் அது யார்க்ஷயரின் ஹாலிஃபாக்ஸ் பகுதியில் பிறந்த பாரக்ளஃப் என்ற பெயரின் திரிபு. பாரக்ளஃபுகளுக்கு இங்கிலாந்தில் பஞ்சமே இல்லை.

இத்தனை எழுத்துக்கூட்டல்கள் எப்படி வந்தன? 1538இல் தேவாலயங்கள் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, எழுதியவர் பாதிரியார்; சொன்னவருக்குப் பெரும்பாலும் எழுத்து தெரியாது. காதில் விழுந்தது ஏட்டில் ஏறியது. ஒரே மனிதர் திருமணத்தில் ஒரு விதமாகவும் அடக்கத்தில் வேறு விதமாகவும் பதிவானதுண்டு. அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு 1837இல் தொடங்கிய பிறகே எழுத்துக்கூட்டல் மெல்ல உறையத் தொடங்கியது. போதாக்குறைக்கு, பழைய கையெழுத்தைக் கணினியில் ஏற்றுகிறவர்கள் தவறாகப் படித்துப் புதுப் பெயர்களையே உண்டாக்கிவிடுகிறார்கள். ஒரே ஒரு பதிவில் மட்டும் தென்படும் பெயரை அபூர்வம் என்று கொண்டாடும் முன், மூல ஏட்டின் படத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

அமெரிக்காவுக்குப் போன கிளைகளின் எழுத்து மாறியிருந்தால், நியூயார்க் துறைமுகத்தில் இருந்த எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலைய அதிகாரி மாற்றிவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். அந்த நிலையம் 1892இல்தான் திறந்தது. அங்கே இருந்தவர்கள் கப்பலிலிருந்து வந்த பயணிகள் பட்டியலைச் சரிபார்த்தார்கள், பெயர் சூட்டவில்லை. கடைகளில் கண்ணாடிச் சட்டம் போட்டு விற்கும் ‘குடும்ப முத்திரை’க்கும் காசு கொடுக்காதீர்கள். இங்கிலாந்தில் மரபுச் சின்னம் தனி மனிதருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் உரியது. ஒரே பெயருடைய எல்லாருக்கும் உரியதல்ல.

ஒரே பெயர் என்றால் ஒரே ரத்தமா என்ற கேள்விக்கு மட்டும் ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. 2009இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 40 பிரிட்டிஷ் குடும்பப் பெயர்களை எடுத்து, தந்தை வழியில் மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டார்கள். அரிய பெயர்களில் பலரும் ஒரே மூதாதையின் வழியாக இருந்தார்கள். ஸ்மித் போன்ற பரவலான பெயரில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஸ்மித் என்றால் கொல்லர்; அவர் எல்லா ஊரிலும் இருந்தார் அல்லவா? அரிய பெயரிலும் தத்துப் பிள்ளை, தாயின் பெயரை எடுத்தவர், திருமணத்துக்கு வெளியே பிறந்தவர் என்று கோடு அறுபட எத்தனையோ வழிகள் உண்டு.

பெயர்கள் அழிவதைப் பற்றிக் கணக்குப் போட்டவர்களுக்கே சறுக்கியிருக்கிறது. பிரபலக் குடும்பங்களின் பெயர்கள் ஏன் மறைகின்றன என்று ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1873இல் ஒரு புதிராகக் கேட்டார். கணிதவியலாளர் ஹென்றி வாட்சன் சமன்பாடு அமைத்து, எல்லாக் குடும்பப் பெயர்களும் காலப்போக்கில் நிச்சயம் அழியும் என்று அடுத்த ஆண்டு விடை சொன்னார். சமன்பாடு சரி, ஆனால் அதற்கு இன்னொரு தீர்வும் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. சராசரியாக ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் ஆண் பிள்ளைகள் இருந்தால் பெயர் தப்பிப் பிழைக்க வாய்ப்பு உண்டு. ஆண் வாரிசு இல்லாமல்தான் பெயர் மறைய வேண்டும் என்பதும் இல்லை. விசில் வடிவத்தில் எழுதிவந்த ஒருவரின் மகன் நாளைக்குப் பழைய வடிவுக்குத் திரும்பினால், பட்டியலில் ஒரு பெயர் இன்னும் அருகிப்போகும். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலியும் காலியாகியிருக்காது.