வாசகர் வட்டத்துக்குப் புதிதாகப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

நூலகத்தில் கூடி ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசும் வாசகர் வட்டத்துக்கு முதன்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் கடைசி வரிசை நாற்காலியைத்தான் தேடுவார்கள். ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்க, முடிவில் கைதட்ட என்று மேடைக்கே பழகிவிட்டோம். புத்தகக் கலந்துரையாடல் மேடையும் இல்லை, பார்வையாளர் வரிசையும் இல்லை. நான் பார்த்தவரை, புதியவர்களின் தவறுகளில் பாதிக்கு மேல் இந்தப் பழக்கத்திலிருந்துதான் வருகின்றன.

அதற்கு முன்பே ஒரு தவறு உண்டு. "அங்கே எல்லாரும் நிறையப் படித்தவர்கள், எனக்கென்ன தெரியும்" என்று போகாமலே இருந்துவிடுவது. சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது 1948-இல். அதன்படி நூலக வரி கட்டி இந்த நூலகங்களை நடத்துவது ஊர் மக்கள்தான். அதனால் தயங்காமல் நுழையுங்கள். நூலகரிடம் கேட்கும்போது மட்டும் "வட்டம் இருக்கிறதா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "கடைசியாக எப்போது கூடினீர்கள், என்ன புத்தகம் பேசினீர்கள்?" என்றும் கேளுங்கள். விழா நாட்களில் மட்டும் உயிர்பெறும் வட்டங்களும் உண்டு. பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம், புத்தகம். கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பு போய் அலமாரியில் தேடினால் கிடைக்காது. கிளை நூலகத்தில் ஒரு நூலுக்கு ஒன்றிரண்டு பிரதிகள் இருந்தாலே பெரிது. பத்துப் பேர் படிக்க வேண்டிய புத்தகத்தை ஒருவரே கூட்ட நாள் வரை வைத்திருந்தால், மற்றவர்கள் படிக்காமல்தான் வர வேண்டியிருக்கும். படித்ததும் திருப்பிக் கொடுங்கள். கோடு போடாதீர்கள், அடுத்து படிப்பவர் உங்கள் கண்ணால் படிக்க நேரும். தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பக்க எண்ணோடு அத்தியாய எண்ணையும் எழுதுங்கள். பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். "எண்பதாம் பக்கம்" என்று நீங்கள் சொல்ல, ஆளுக்கொரு இடத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

முழுதாகப் படிக்க முடியவில்லையா? சரி, படித்தவரை வாருங்கள், அதைச் சொல்லியும் விடுங்கள். யூடியூபில் கதைச்சுருக்கம் கேட்டுவிட்டுப் படித்ததுபோல் பேசுவதுதான் வேண்டாம். இரண்டாவது கேள்வியிலேயே பேச்சு நின்றுவிடும்.

கூட்டத்தில் நான் அதிகம் பார்த்த தவறு, கதையை மறுபடி சொல்வது. படித்தவர்கள் நடுவில் அது யாருக்கும் பயன்படாது. ஒரே ஓர் இடத்தை எடுத்து, அது ஏன் உங்களை நிறுத்தியது என்று சொன்னால் போதும். எங்கள் வட்டத்தில் மூன்று மாதம் பேசாமலே இருந்த ஓர் அம்மா, நான்காவது மாதம் மெதுவாகச் சொன்னார்: "இந்த நாவல் முழுக்கத் தாய் சமைத்துக்கொண்டே இருக்கிறாள். அவள் சாப்பிடுகிற இடம் ஒன்றுகூட வரவில்லையே." எல்லாரும் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினோம். இல்லைதான். அன்று மீதி நேரம் முழுக்க அதைப் பற்றியே பேசினோம். அவர் எந்தக் கோட்பாடும் சொல்லவில்லை. கவனமாகப் படித்திருந்தார், அவ்வளவுதான். அந்த மூன்று மாதமும் அவர் என்னவெல்லாம் கவனித்திருப்பார் என்று இன்றும் எனக்கு ஆதங்கம்தான்.

நேரக் கணக்கும் முக்கியம். பதினைந்து பேர், ஒன்றரை மணி நேரம் என்றால் ஆளுக்கு ஆறு நிமிடம். ஒருவர் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டால் இன்னும் இருவருடைய நேரம் முழுதாகப் போய்விடும். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. நூலகச் சேவைக்காக அவர் சொன்னதை நாம் பேசும்போதும் நினைத்துக்கொள்ளலாம்.

பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டார் என்பதற்காக உங்கள் கருத்தை விழுங்கிவிடாதீர்கள். "ஐயா, எனக்கு அது வேறு மாதிரி பட்டது" என்று தொடங்கி, எந்த வரியால் அப்படிப் பட்டது என்று காட்டுங்கள். மரியாதையும் குறையாது, பேச்சும் வளரும். எழுத்தாளரின் சாதி, கட்சி என்று பேச்சு திரும்பினால் புத்தகத்தை மூடிவிட்டோம் என்றே பொருள். யாராவது ஒருவர் மறுபடி திறக்க வேண்டும், அது நீங்களாகவும் இருக்கலாம். சொந்தக் கவிதைத் தொகுப்பை விற்க வராதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களும் கதையின் முடிவும் வேண்டாம்.

ஒரு கூட்டம் சலிப்பூட்டினால் அதோடு நின்றுவிடாதீர்கள். மூன்று கூட்டமாவது வந்து பாருங்கள். புத்தகம் மாறும்போது பேசுகிற ஆட்களும் மாறுவார்கள். கிளம்பும் முன் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள், நாற்காலிகளை எடுத்து வைக்க நூலகருக்குக் கைகொடுங்கள். அடுத்த மாதப் புத்தகம் ஒரே பிரதிதான் என்றால், யார் முதல் வாரம், யார் இரண்டாம் வாரம் என்று அங்கேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.